குளிர்த்திக்கு முன் வழக்குரை

கிழக்கிலங்கையின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதம் கதவு திறத்தலோடு தொடங்கும் சடங்கு, 'குளிர்த்தி' எனப்படும் இறுதி நிகழ்வோடு நிறைவுபெறுகிறது. மதுரையை எரித்த பின்னும் தணியாத அம்மனின் சினத்தை நீராலும் பாடலாலும் ஆற்றுவதே குளிர்த்தி. அதற்கு முந்திய நாட்களில் 'கண்ணகி வழக்குரை' என்னும் காவியம் காதை காதையாகப் படிக்கப்படும். சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த காரைதீவின் கண்ணகி அம்மன் கோயில் இம்மரபின் முதன்மையான இடங்களுள் ஒன்று. அக்காவியத்தை 1968இல் பதிப்பித்த வி. சீ. கந்தையாவின் நூலில் இறுதிக் காதைகள் அமைந்துள்ள ஒழுங்கு கவனிக்கத்தக்கது: கொலைக்களக் காதையை அடுத்து உயிர்மீட்புக் காதையும், அதனையடுத்து வழக்குரைத்த காதையும் வர, அவை யாவும் முடிந்த பிறகே குளிர்ச்சிக் காதை வருகிறது. கொலை இன்னவாறு நிகழ்ந்தது என்று முழுமையாகச் சொல்லப்பட்டு, கொல்லப்பட்ட கோவலனின் மனைவி கண்ணகி பாண்டியனின் அரசவையில் வழக்குரைத்து, அரசன் தன் பிழையை ஏற்றுக்கொண்ட பின்னரே அவளைக் குளிர்விக்க எவரும் முற்படுகின்றனர்.

இது சடங்கின் வசதிக்காக அமைந்த வரிசையா, அல்லது அறத்தைப் பற்றிய ஒரு கோட்பாடா என்னும் கேள்வி, முப்பது ஆண்டுக்கால யுத்தத்தின் பின் நல்லிணக்கம் பேசப்படும் ஒரு கரையோரத்தில் வெறும் இலக்கியக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. கேட்கப்படாத வழக்கை வைத்துக்கொண்டு ஒரு சமூகம் ஆறிவிட முடியுமா? மன்னிக்குமாறு கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு? யுத்தத்தையும் அது சமூகத்தில் விளைவிக்கும் மாற்றங்களையும் ஆராயும் பல்கலைக்கழகத் துறைகள் இக்கேள்விகளைத் தத்துவத்துக்கும் சமயத்துக்கும் உரியவையென ஒதுக்கிவைப்பதே வழக்கம். ஆயினும் அத்துறைகள் எதற்காக இருக்கின்றன என்று கேட்கப் புகுந்தால், இவற்றைத் தொடாமல் விடையிறுக்க இயலாது.

போர் பற்றிய ஆய்வு நெடுங்காலம் படைத் தளபதிகளுக்கு உரிய கல்வியாகவே இருந்தது. 1832இல் வெளிவந்த குளோஸவிட்ஸின் நூல் போரை அரசியலின் நீட்சியாகக் கண்டதேயன்றி, போர் கடந்துசென்ற ஊரில் பின்னர் என்ன நடக்கிறது என்பதை அது தன் பொருளாகக் கொள்ளவில்லை. குவின்சி ரைட் 1942இல் வெளியிட்ட பெருநூல் போரைச் சட்டம், மக்கள்தொகை, உளவியல், பொருளியல் ஆகிய பல திசைகளிலிருந்தும் அணுகியது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைக்கல் ஹவார்ட் உருவாக்கிய போரியல் துறை, போரையும் அதை நடத்தும் சமூகத்தையும் ஒன்றாகப் படிக்கும் முறையை நிலைநிறுத்தியது. எண்களில் நம்பிக்கை கொண்ட வேறொரு மரபும் உண்டு. 1963இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய திட்டம் ஆண்டொன்றுக்கு 1,000 களச்சாவுகள் என்பதைப் போரின் எல்லைக்கோடாக வைத்தது. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத் தரவுத் திட்டமோ அதை 25 ஆகக் குறைத்ததோடு, நிராயுதபாணிகள் மீது அரசோ ஓர் ஆயுத அமைப்போ நடத்தும் தாக்குதலை 'ஒருதலை வன்முறை' என்னும் தனி வகையாகவும் பிரித்தது.

இக்கோடுகள் ஒப்பீட்டு ஆய்வுக்குத் தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் காரைதீவு போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்க்கும்போது அவை எதை வெளியே விடுகின்றன என்பது தெளிவாகிறது. வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூருமாக முஸ்லிம் ஊர்களுக்கு இடையே அமைந்த இத்தமிழூரில் 1985 ஏப்ரலில் மூண்ட தமிழ்–முஸ்லிம் கலவரத்தின்போது வீடுகள் பெருமளவில் எரிக்கப்பட்டன, மக்கள் இடம்பெயர்ந்தனர். அரசபடையினரின் உடந்தை பற்றிய குற்றச்சாட்டு அன்றிலிருந்து இன்றுவரை சொல்லப்பட்டு வருகிறது. சாவுகளை மட்டும் எண்ணும் தரவேட்டில் இத்தகைய நிகழ்வு சிறிதாகவே தெரியும். ஆனால் கிழக்கில் ஒரு வீடு எரிவதன் பொருள் வேறு. அக்கரைப்பற்றில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளவாறு, இக்கரையோரத்தின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாக வரும் குடி முறையைப் பகிர்ந்துகொள்பவர்கள். மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறுவதும் இரு சமூகத்துக்கும் பொதுவான வழக்கம். ஆகவே எரிந்த வீடு ஒன்று, ஒரு பெண்ணின் கலியாணமாகவும், அவள் தாய் பல ஆண்டுகளாகச் சேர்த்த உழைப்பாகவும், அடுத்த தலைமுறை அவ்வூரில் வேரூன்றும் வழியாகவும் இருந்தது. எரித்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும், ஏனெனில் அவர்களின் தங்கைமாருக்கும் அதே முறையில்தான் வீடு கட்டப்பட்டது. அயலவர் ஒருவர் செய்யும் தீங்கு அந்நியர் செய்யும் தீங்கைவிட ஆழமாக இறங்குவதற்கு இந்த அறிவும் ஒரு காரணம்.

தமிழ் மரபில் போரைக் கோட்பாட்டு முறையில் வகுத்த பழைய நூலான தொல்காப்பியம் இவ்விடத்தில் நினைக்கப்பட வேண்டியது. வெட்சி முதலான திணைகள் ஆநிரை கவர்தல், படையெடுப்பு, முற்றுகை, களப்போர், வெற்றி எனப் போரின் கட்டங்களை வகுக்கின்றன. ஆனால் அதே வரிசைக்குள் காஞ்சி என்னும் திணையும் வைக்கப்பட்டு, நிலையாமையும், கணவனை இழந்தவள் நோன்பிருக்கும் தாபத நிலையும், மனைவியை இழந்தவன் தனித்திருக்கும் தபுதார நிலையும், சுற்றத்தார் கையற்று நிற்கும் நிலையும் அதற்குள் அடக்கப்பட்டுள்ளன. போருக்குப் பின் எஞ்சியோரின் வாழ்வும் போரின் இலக்கணத்தில் சேரும் என்பதே இவ்வகுப்பின் உட்கிடை. பிற்கால ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை காஞ்சியை எதிரியைத் தடுத்துப் போரிடும் திணையாக மாற்றி, நிலையாமைத் துறைகளைப் பொதுவியலுக்குள் நகர்த்திவிட்டது. இலக்கண நூலார் இதற்கு வேறு காரணங்கள் கூறக்கூடும். எனினும் கைம்பெண் போரின் இலக்கணத்திலிருந்து 'பொது'வுக்கு அனுப்பப்பட்டாள் என்பதே நடந்தது. இலங்கை அரசுத் தரப்பே 2010இல் கிழக்கில் சுமார் 49,000 பேரையும் வடக்கில் சுமார் 40,000 பேரையும் யுத்த விதவைகளாகக் குறிப்பிட்ட போதும், அவர்கள் அபிவிருத்தி, சமூகசேவை ஆகிய பொதுத் தலைப்புகளின் கீழேயே வைக்கப்பட்டனர்.

கண்ணகியின் கதைக்குள் போர் எங்கே இருக்கிறது என்று கேட்போருக்குச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை விடை தருகிறது. மதுரை எரிந்துகொண்டிருக்கையில் கண்ணகியின் பின்புறமாகத் தோன்றும் மதுராபதித் தெய்வம், கோவலன் ஏன் கொலையுண்டான் என்பதற்கு அவனது முற்பிறப்பைக் காரணமாகச் சொல்கிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்தை ஆண்ட வசுவும் கபிலபுரத்தை ஆண்ட குமரனும் ஒரே குலத்தில் பிறந்த தாயாதியர். இருவருக்கும் இடையே ஓயாத பகை. அப்பகையின் நடுவே சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியோடு கபிலபுரத்திலிருந்து சிங்கபுரத்துக்கு வந்து பண்டம் விற்றான். அரசனிடம் பணிபுரிந்த பரதன் என்பவன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று காட்டிக்கொடுக்க, விசாரணை எதுவுமின்றி அவன் கொல்லப்பட்டான். பரதனே மறுபிறப்பில் கோவலனாகப் பிறந்தவன். நீலி பதினான்கு நாட்கள் தெருத்தெருவாகவும் கடைவீதியிலும் அலைந்து, இது அரசனுக்கு முறையா, வணிகருக்கு முறையா, ஊராருக்கு முறையா, சேரியாருக்கு முறையா என்று ஒவ்வொருவரையும் கேட்டாள், ஒருவரும் செவிகொடுக்கவில்லை. தனக்கு நேர்ந்தது இதைச் செய்தவனுக்கும் நேர்க என்று சபித்து அவள் உயிர்விட்டாள்.

யுத்தம் சமூகத்தை எவ்வாறு உள்ளிருந்து அரிக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பகுதி தமிழில் அரிது. உறவினர்க்கிடையே மூண்ட பகை, எல்லையைக் கடந்து வியாபாரத்துக்கு வந்துபோகும் சாதாரண மனிதனை ஒற்றனாக்குகிறது. 'ஒற்றன்' என்ற ஒரு சொல் விசாரணையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காட்டிக்கொடுக்கப்பட்டவனுக்குச் சாவு கிடைக்கிறது. கிழக்கு மாகாணத்தில் அரசபடைகளின் சுற்றிவளைப்புகள் நடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது. ஊராரைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, கண்ணுக்கு மட்டும் துளைவிட்ட சாக்கை முகத்தில் கவிழ்த்த ஒருவனின் முன் ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். அவன் தலையசைத்தால் அந்த ஆள் வாகனத்தில் ஏற்றப்படுவான். மக்கள் அவனுக்கு இட்ட பெயர் 'தலையாட்டி'. மறுபுறத்தில் ஆயுத இயக்கங்கள் 'துரோகி' என்ற சொல்லால் அதே வேலையைச் செய்தன. சாக்குக்குள் இருந்தவன் யார் என்பது பல ஊர்களில் இன்றும் ஊகமாகவே உள்ளது; அந்த ஊகம் இரு வீட்டாருக்கிடையே ஒரு கலியாணப் பேச்சை முறிக்கும் அளவுக்கு உயிரோடிருப்பதுண்டு. களச்சாவு எண்ணிக்கையில் இந்த முறிவுக்கு எந்த நிரலும் இல்லை.

இங்கே ஒரு கடினமான சமயக் கேள்வி எழுகிறது. கோவலனின் சாவு முற்பிறப்பின் பலன் என்றால், பாண்டியன் குற்றவாளியா? யுத்தத்தில் பிள்ளையை இழந்த தாயொருத்திக்கு அது அவன் வினை என்று ஆறுதல் சொல்வது கிழக்கிலும் வழக்கம்தான். ஆனால் அந்த ஆறுதல் சற்றே சாய்ந்தால் கொன்றவனுக்கு விடுதலைப் பத்திரமாகிவிடும். சைவசித்தாந்தம் இச்சரிவைத் தடுக்கும் கருத்தொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. பழைய பிறப்புகளில் தொகுத்த வினையைச் சஞ்சிதம் என்றும், அதிலிருந்து இப்பிறப்பில் நுகரப்படுவதைப் பிராரத்தம் என்றும், நுகரும்போதே புதிதாகச் செய்யப்படுவதை ஆகாமியம் என்றும் அது பிரிக்கிறது. கொல்லப்பட்டவனுக்கு அது பிராரத்தமாகவே இருந்தாலும், கொன்றவனுக்கு அது ஆகாமியம். ஒருவனது வினையின் நிறைவு மற்றவனது வினையின் தொடக்கமாகுமேயன்றி அவனைக் கழுவிவிடாது. சிலப்பதிகாரத்தின் நிகழ்ச்சி ஒழுங்கும் இதையே காட்டுகிறது. வினைக் கணக்கைத் தெய்வம் சொல்ல வருவது வழக்கு உரைக்கப்பட்டு, பாண்டியன் தன் தவறை உணர்ந்து உயிர்விட்ட பின்னரே. அரசவையில் வாதம் நடந்துகொண்டிருக்கையில் யாரும் எழுந்து, இது முற்பிறப்பின் பயன், வீட்டுக்குப் போ என்று கண்ணகியிடம் சொல்லவில்லை. மேலும் தெய்வம் சொல்லும் கணக்கில் ஊர்ப்பெயர், ஆட்பெயர், செய்த செயல், கேட்காமல் விட்டவர்கள் எல்லாம் உள்ளன. அதை வாசிப்பவருக்கு ஊழ் என்னும் கருத்து கேட்கப்படாத வழக்கின் நினைவேடாகவே தோன்றும்: நீலியின் முறைப்பாட்டை நான்கு தரப்பாரும் புறக்கணித்ததால்தான் அது ஒரு பிறப்பைத் தாண்டி மதுரைவரை வந்தது.

முஸ்லிம் ஊர்களின் பக்கம் நின்று பார்த்தால் இதே கேள்வி வேறு சொற்களில் எழுகிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டு, சிறுவர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே இதைச் செய்தனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிபாயினும் அவ்வியக்கம் அதை மறுத்தது. அதே மாதம் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சம்மாந்துறைக்கு அருகிலுள்ள வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் 184 தமிழர் கொல்லப்பட்டனர். காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கி ரவைகள் பதித்த குழிகள் பூசி மறைக்கப்படாமல் விடப்பட்டுள்ளன. கொல்லப்பட்டோர் ஷுஹதாக்கள், அதாவது இறைவழியில் உயிர்நீத்த சாட்சிகள், என்று ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றனர். கத்ரு என்னும் இறைவிதியில் நம்பிக்கையும் ஸப்ரு என்னும் பொறுமையும் அவர்களின் குடும்பங்களுக்குப் பெருந்துணையாயின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இஸ்லாமியச் சட்ட மரபு பொறுமையையும் வழக்கையும் ஒன்றையொன்று விலக்குபவையாகக் கருதவில்லை.

கொலைக்கான ஈட்டுரிமையைக் கிஸாஸ் என்று வழங்கும் திருக்குர்ஆன், கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்குப் பழிக்குப் பழி கேட்கவோ, இழப்பீட்டை ஏற்கவோ, முற்றாக மன்னிக்கவோ வாய்ப்பளித்து, மன்னிப்பை உயர்ந்த வழியாகப் போற்றுகிறது. கவனிக்க வேண்டியது யாதெனில், மன்னிக்கும் தெரிவு வாரிசின் கையில் உள்ளது. அவர் சார்பில் ஆட்சியாளரோ, கட்சித் தலைவரோ, பள்ளிவாசல் நிருவாகமோ அதைக் கொடுத்துவிட முடியாது. கொன்றவர் யார் என்று நிலைநாட்டப்படாத நிலையில் அத்தெரிவுக்கே இடம் எழுவதில்லை. இன்னும் நெருக்கமான பொருத்தம் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தில் உள்ளது. நம்பத்தகாத ஒருவர் செய்தியொன்றைக் கொண்டுவந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்க, அதைத் தீர விசாரிக்குமாறு அதன் ஆறாம் வசனம் பணிக்கிறது. பன்னிரண்டாம் வசனம் வீண் சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. 1985இலும் 1990இலும் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஊருக்கு ஊர் ஓடிய வதந்திகளின் முன் சங்கமனின் கதையும் இவ்வசனமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒன்று விசாரணை தவறியதால் வந்த அழிவைச் சொல்கிறது, மற்றது தவறாதிருக்கும் கட்டளையைச் சொல்கிறது.

வழக்கைக் கேட்க வேண்டிய இடங்களில் பல்கலைக்கழகமும் ஒன்றென்றால், கிழக்கில் அப்பல்கலைக்கழகமே யுத்தத்தின் களமாகவும் விளைவாகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் 1990இல் அகதிமுகாமாயிற்று. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. முஸ்லிம் மாணவர் அவ்வளாகத்துக்குச் சென்று படிக்க இயலாத நிலை உருவாகியதன் தொடர்ச்சியாக 1995இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரியே அடுத்த ஆண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து இன்று ஒலுவிலில் இயங்குகிறது. காரைதீவின் மாணவர் ஒருவருக்கு வடக்கே ஒரு வளாகமும் தெற்கே ஒரு வளாகமும் இருப்பது கல்வி வளர்ச்சியாக மட்டும் எண்ணப்படக்கூடியதன்று. ஆய்வு செய்ய வேண்டிய பிளவு ஆய்வு நிறுவனத்தின் வரைபடத்திலேயே பதிந்திருக்கிறது. வடக்கில் 'முறிந்த பனை'யை எழுதிய நால்வருள் ஒருவரான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டதும், ஆய்வாளர் வழக்குக் கேட்பவராக மாறும்போது கொடுக்க நேரும் விலையைக் காட்டியது.

நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் பத்திரிகையும் வாயடைத்திருந்த அந்த ஆண்டுகளில் வழக்குக் கேட்ட இடம் எது என்பதற்கு மட்டக்களப்பில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் வியக்கத்தக்க விடையொன்றைத் தந்தார். அம்மன் கோயில்களில் உருவந்து வாக்குச் சொல்வோரிடம், காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் சென்று கேட்டனர். தெய்வமேறியவர், பிள்ளை உயிரோடிருக்கிறானா என்று சொன்னதோடு, தடுப்பு முகாமில் அவன் பட்ட வதையைத் தன் உடலில் காட்டவும் செய்தார். வெளியே சொன்னால் உயிருக்கு ஆபத்தான சொற்கள் தெய்வத்தின் வாயால் ஊரறியச் சொல்லப்பட்டன. இவ்வாக்குகள் உண்மையா என்று கேட்கும் அறிவியல் மனம் நியாயமானதே. ஆனால் தன் மகனுக்கு நடந்தது ஒரு சபையின் முன் உரைக்கப்பட வேண்டும் என்ற தேவையின் வலிமையை அவை மெய்ப்பிக்கின்றன. 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பெற்ற 'பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு' என்னும் நோய்வகையை இலங்கைச் சூழலில் விரிவாகக் கையாண்ட உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பின்னர் கூட்டு மனவடு என்னும் கருத்துக்கு நகர்ந்ததும் இதே திசையில்தான்: காயம்பட்டது தனிமனித மனம் மட்டுமன்று, ஊரின் நம்பிக்கையும் உறவு வலையும் சேர்ந்தே. தனிமனிதருக்கு மருந்தும் ஆற்றுப்படுத்தலும் கொடுக்கலாம். ஊருக்கு நடந்ததைக் கேட்கும் சபையொன்று வேண்டும்.

அரசு அமைத்த சபைகள் அந்த இடத்தை நிரப்பவில்லை. 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் பணிப்பாணை 2002 பெப்ரவரி 21க்கும் 2009 மே 19க்கும் இடைப்பட்ட காலத்தை மையமாகக் கொண்டதால், காரைதீவின் 1985உம் காத்தான்குடி, வீரமுனை, வந்தாறுமூலை ஆகியவற்றின் 1990உம் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. மறதியைப் பரிந்துரைப்போர் இதனால் நட்டமில்லை என்பர்; பழையதைக் கிளறினால் ஆறிய புண் மீண்டும் திறக்கும், முஸ்லிமும் தமிழரும் ஒரே சந்தையில் கூடும் ஊரில் பேசாதிருப்பதே விவேகம் என்பது அவர்கள் வாதம். அதை இலேசாகத் தள்ள முடியாது. அன்றாட வாழ்வைப் பல ஆண்டுகள் தாங்கி நின்றது அந்த மௌனமே. ஆனால் அவுஸ்விட்ஸ் முகாமிலிருந்து தப்பிய ஜோன் அமெரி 1966இல் வெளியிட்ட நூலில், பாதிக்கப்பட்டவரின் ஆறாச் சினத்தை நோயென்று கொள்ளாமல், நடந்தது நடக்காதிருந்திருக்க வேண்டும் என்று காலத்துக்கு எதிராக வைக்கும் அறக் கோரிக்கையென்றே கொண்டார். டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் தென்னாபிரிக்கா மேற்கொண்ட வழி அமெரிக்கு எதிர்த்திசையில் மன்னிப்பை முன்னிறுத்தியது என்று சொல்லப்படினும், அங்கும் செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டவருக்கே பொதுமன்னிப்புப் பெறும் வாயில் திறந்தது. இருவரும் உடன்படாத இடங்கள் பல. வழக்கு முதலில் கேட்கப்பட வேண்டும் என்பதில் வேறுபாடில்லை.

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை, வழக்குள்ள இழப்புக்கும் வழக்கில்லாத இழப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டியது. அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர், காரைதீவும் மருதமுனையும் சாய்ந்தமருதும் ஒரே அலையில் அழிந்தன, முதல் நாட்களில் பள்ளிவாசலும் கோயிலும் பாடசாலையும் வேறுபாடின்றித் திறந்திருந்தன. கடலின் மீது வழக்கில்லை. ஆகவே துக்கம் துக்கமாக மட்டும் இருக்க முடிந்தது. ஆனால் நிவாரணத்தைப் பங்கிடும் பொறிமுறை 2005 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே ஒப்பமிடப்பட்டு, அதில் முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாகச் சேர்க்கப்படாதபோது, கேட்கப்படாதிருந்த பழைய வழக்குகள் யாவும் ஒரே நாளில் மேலெழுந்தன.

கண்ணகியின் கதை இக்கரையோரத்துக்கு முழுமையாகப் பொருந்தாத இடம் ஒன்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அவளுக்கு முன் ஓர் அரசன் இருந்தான், அவன் தன் தவற்றைக் கண்டு உயிரை விட்டான். இங்கே குற்றஞ்சாட்டப்பட வேண்டிய இயக்கத் தலைமை அழிந்துவிட்டது, அரசு ஏற்க மறுக்கிறது, ஊர்க்காவற்படையில் இருந்தவர்களும் இயக்கங்களில் இருந்தவர்களும் இரு சமூகங்களிலும் கலந்துபோய்விட்டனர். மேலும் அவள் தனி வழக்காளி. இங்கே ஒவ்வோர் ஊரும் வழக்காளியாகவும் எதிராளியாகவும் ஒருங்கே நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் அவள் ஏவும் தீகூட முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விலக்கித் தீயோர் பக்கமே செல்லப் பணிக்கப்பட்டது; 1990இன் தீ அவ்வாறு தெரிந்தெடுக்கவில்லை. ஆயினும் கிழக்கின் மரபு தரும் இன்னொரு செய்தி இதற்கு உதவுகிறது: அவளைக் குளிர்வித்தவர்கள் ஆய்ச்சியர், மோரும் வெண்ணெயும் கொண்டு வந்த இடைக்குலப் பெண்கள். அவர்கள் கொன்றவர்களும் அல்லர், கொல்லப்பட்டவனின் உறவினரும் அல்லர்; கோவலனுக்கும் கண்ணகிக்கும் முன்பு அடைக்கலம் கொடுத்த குலத்தார். அயலார் என்ற நிலைக்கு இதனால் ஓர் அறப் பணி கிடைக்கிறது. ஆய்வாளரின் இடமும் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது, வழக்கு உரைக்கப்படும்வரை குளிர்விக்க அவசரப்படாமலிருந்தால்.

செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் தெளிவானவை. 1985இல் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதை எட்டிவிட்டார்கள், அவர்களுள் பலரைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. காரைதீவின் வாய்மொழியை ஒலுவிலின் மாணவரும், காத்தான்குடியின் வாய்மொழியை வந்தாறுமூலையின் மாணவரும் பதிவு செய்வார்களாயின், தம் இனத்தின் இழப்பை மட்டும் தாமே எழுதும் இரட்டைக் கணக்கேடுகள் ஒன்றையொன்று திருத்த நேரும். எரிந்த சீதன வீட்டுக்கும் குழி விழுந்த பள்ளிச் சுவருக்கும் ஒரே ஏட்டில் நிரல் கிடைக்கும். தலையாட்டியின் பெயரைக் கேட்பதா விடுவதா, சொன்னவரின் பெயரை மறைப்பதா வெளியிடுவதா என்பவை அப்போது எழும் முதற் சிக்கல்கள். அவற்றுக்குச் சைவசித்தாந்தமோ ஃபிக்ஹ் என்னும் இஸ்லாமியச் சட்டவியலோ மானிடவியலோ தனித்து விடை சொல்லிவிட முடியாது.